மலைக் குளிரும் மலிவுவிலை அட்டையும்

யூபிலி மலர் என்றால் கல்லூரியின் வரலாறும், அதிபர்களின் அருந்தொண்டும், விளையாட்டுத் திடலின் வெற்றிகளும் அதிற் பொலிதல் வேண்டும் என்பது மரபு. அம்மரபுக்கு மாறாக, கணினியில் விளையாடுவதற்கான மலிவுவிலைக் கிராபிக்ஸ் அட்டைகளைப் பற்றி நாம் எழுதப் புகுந்தமை கண்டு மூத்த பழைய மாணவர் சிலர் புருவம் நெரிக்கவுங் கூடும். எனினும், நம் கல்லூரியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஹந்தானை மலையடிவாரத்து அறைகளில் தங்கிப் பயிலும் இளைஞர், இங்கு வாழும் பழைய மாணவராகிய நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கும் வினாக்களுள் இஃது ஒன்றாகும்: "அண்ணை, குறைஞ்ச காசுக்கு எந்தக் கார்ட் எடுக்கலாம்? ஓவர்குளொக் பண்ணினால் பெரிய கார்ட்டுக்குக் கிட்ட வருமோ?"

அவ்வினாவின் பின்னே ஒரு தந்தையின் மாதச் சம்பளமோ, கடல் கடந்து வாழும் தமையன் அனுப்பிய பணமோ, மகாபொல உதவித்தொகையில் மிச்சம் பிடித்த சிறு சேமிப்போ நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்னும் அட்டை 199 டொலர் விலையில் உலகச் சந்தைக்கு வந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே, கப்பற் கூலியும் வரியும் வணிகர் ஆதாயமும் சேராத விலை 40,000 ரூபா அளவினது. அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே அட்டையின் விலை 71,000 ரூபாவைக் கடந்தது. அட்டையில் ஒரு திருகாணியும் மாறவில்லை; மாறியது நம் பணத்தின் மதிப்பே. இந்நிலையில், பிழையான பொருளை வாங்கிவிட்டு வருந்துவதற்கு நம் இளைஞருக்கு வசதியில்லை. ஆதலின் இவ்விடயத்தை இம்மலரில் விளக்குதல் பொருத்தமே எனக் கருதினோம்.

அட்டையின் திறனை அளக்குமாறு

திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும் நிலைப்படங்களின் தொடர். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பர். ஒரு செக்கனில் 60 பிரேம்கள் தோன்றுமாயின், ஒரு பிரேமை வரைவதற்கு அட்டைக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெக்கன், 30 பிரேம்கள் எனின் 33.3 மில்லிசெக்கன். அட்டைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு செக்கனுக்குரிய சராசரிப் பிரேம் எண்ணிக்கையையே கூறுவர்.

ஆயின் சராசரி மட்டும் போதாது. ஓர் அட்டை சராசரியாக 60 பிரேம் தந்தும், இடையிடையே 20க்கு வீழ்ந்து எழுமாயின், 50ஐ விட்டு அசையாத வேறோர் அட்டையே விளையாடுவோனுக்கு இனிதாகும். இதனாலேயே நல்ல ஒப்பீடுகளில், மிக மெதுவான நூற்றில் ஒரு பங்குப் பிரேம்களின் அளவையும் தனியே குறிப்பர். மேலும், ஒரே கணினி, ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, ஒரே திரைத் தெளிவு, ஒரே அமைப்புகள் என்பவற்றை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் மாற்றி, மும்முறையேனும் ஓட்டிப் பார்த்தாலன்றி ஒப்பீடு ஒப்பீடாகாது. நம் ஆய்வுகூடத்தில் வேதியியல் ஆசிரியர் கற்பித்த நெறியும் இதுவேயன்றோ: ஒன்றை மாற்றுக, ஏனையவற்றை மாறாது வைக்குக.

பெயரைக் கண்டு ஏமாறலாகாது

மலிவுவிலை அட்டைகளில் முதலில் உணர வேண்டிய உண்மை, பெட்டியின் மேலுள்ள எண் திறனைக் காட்டாது என்பதாகும். 2016 ஒக்டோபரில் வந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. அட்டையில் 768 கணிப்புக் கருக்கள் உள்ளன. அதன் நினைவகம் செக்கனுக்கு 112 கிகாபைட் தரவை நகர்த்தும். 2022 யூனில் வந்த ஜி.ரி.எக்ஸ். 1630 எண்ணிலும் பெரியது, வயதிலும் இளையது. ஆயினும் அதன் கருக்கள் 512. நினைவக வேகம் 96 கிகாபைட். ஆறாண்டு முந்திய அட்டை பல விளையாட்டுகளில் இப்புதியதை வென்றது.

இதனினும் மறைவான இடர், ஒரே பெயரில் இரு பொருள்கள் விற்கப்படுதலாகும். ஜி.ரி.எக்ஸ். 1650 என்னும் அட்டை 2019 ஏப்பிரலில் ஜி.டி.டி.ஆர். 5 நினைவகத்தோடு வந்தது. நினைவகப் பாதையின் அகலம் 128 பிட். ஒவ்வொரு தடத்திலும் செக்கனுக்கு 8 கிகாபிட். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால் 128 கிகாபைட். மறுவருடம் அதே பெயரில் ஜி.டி.டி.ஆர். 6 நினைவகத்தோடு வந்த அட்டையில் ஒரு தடத்தின் வேகம் 12 கிகாபிட். ஆகவே மொத்தம் 192 கிகாபைட். பெயர் ஒன்று, நினைவக வேகத்திலோ ஒன்றரை மடங்கு வேற்றுமை. அவ்வாறே ஆர்.ரி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022இல் வந்த 8 கிகாபைட் அட்டைக்கு 2,560 கருக்களும் 130 வாற்று மின்வலுவும் உண்டு. 2024இல் வந்த 6 கிகாபைட் அட்டைக்கு 2,304 கருக்களும் 70 வாற்றுமே. ஆர்.எக்ஸ். 580 என்பதற்கு 2,304 கருக்கள் இருத்தல் வேண்டும். ஆனால் 2048 எஸ்.பி. என்ற பின்னொட்டோடு சீனச் சந்தைக்கென வந்தது உண்மையில் ஆர்.எக்ஸ். 570ஐ ஒத்ததே. பின்னொட்டைக் கூறாது விற்பாரும் உளர். ஆகவே பெயரைக் கேளாமல், கருக்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் வகை, பாதையின் அகலம் ஆகிய மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருள் இம்மூன்றையும் ஒரே திரையில் காட்டிவிடும்.

இனி, பெயர் மயக்கம் நீக்கி, 1920க்கு 1080 என்ற வழக்கமான திரைத் தெளிவில் இவ்வட்டைகளை வரிசைப்படுத்தின், அடியில் நிற்பது ஜி.ரி.எக்ஸ். 1630, அதன்மேல் 1050 ரி.ஐ. அதனினும் நூற்றுக்கு 25 முதல் 30 வீதம் வரை விரைவானது ஜி.ரி.எக்ஸ். 1650. அதனையும் ஓரளவு விஞ்சி நிற்பது 2017இல் வந்த ஆர்.எக்ஸ். 570. அதற்கும் மேலே ஜி.ரி.எக்ஸ். 1650 சூப்பர், ஆர்.எக்ஸ். 580 ஆகியன ஏறத்தாழ அருகருகே நிற்கும். 8 கிகாபைட் 3050 அவற்றையும் கடக்க, 2021 ஒக்டோபரில் வந்த ஆர்.எக்ஸ். 6600 இவை எல்லாவற்றுக்கும் தெளிவாக மேலே நிற்கும். விளையாட்டுக்கு விளையாட்டு இவ்வரிசை சிறிது மாறும், பொதுப்போக்கு இதுவே.

இவ்வரிசையில் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி.யை நாம் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதன் இடம், அது பொருத்தப்படும் கணினியைப் பொறுத்தது. மதர்போட்டோடு தரவு பரிமாற ஏனைய அட்டைகளுக்கு 16 அல்லது 8 தடங்கள் இருக்க, இதற்கு நான்கே உள்ளன. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறைப் பலகையில் அந்நான்கு தடங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டைக் கடத்தும். மூன்றாம் தலைமுறையில் அதிற் பாதியே. நான்கு கிகாபைட் நினைவகம் நிரம்பியதும் அட்டை கணினியின் பொது நினைவகத்தை நாட நேரும். அப்போது குறுகிய பாதையில் நெரிசல் உண்டாகும். மாணவர் கையிலுள்ள பழைய கணினிகளிற் பல மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவை. மலிவான அட்டை பழைய கணினிக்கே பெரிதும் தேவைப்படுகின்றது. இவ்வட்டையோ பழைய கணினியிலேயே பெரிதுந் தளர்கின்றது.

ஓவர்குளொக் தருவதும் பெறுவதும்

தொழிற்சாலை நிர்ணயித்த மீடிறனுக்கு மேலாக அட்டையை ஓட்டுதலையே ஓவர்குளொக் என்பர். எம்.எஸ்.ஐ. ஆப்டர்பேர்னர் போன்ற இலவச மென்பொருளால் கருவின் மீடிறனையும் நினைவகத்தின் மீடிறனையும் சிறுசிறு படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, திரையில் புள்ளிகளோ கிழிசல்களோ தோன்றும்போது ஒரு படி பின்வாங்குதலே அதன் முறை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வார்த்த இரு சில்லுகளும் ஒரே அளவு ஏறுவதில்லை. நண்பனின் அட்டை ஏறிய உயரத்தை நம் அட்டை எட்டாதெனின் அஃது அட்டையின் குற்றமுமன்று, நம் குற்றமுமன்று.

இதனால் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? மலிவுவிலை அட்டைகளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் வரையே. செக்கனுக்கு 40 பிரேம் தரும் அட்டை 7 வீதம் கூடினால் 43 பிரேம் தரும். ஒரு பிரேமுக்கான நேரம் 25 மில்லிசெக்கனிலிருந்து 23.3க்குக் குறையும். அளவுகருவி அதனைக் காணும். கண் காண்பது அரிது. மேலே கூறிய வரிசையை மீண்டும் நோக்குக. 1050 ரி.ஐ.க்கும் 1650க்கும் இடையே 25 வீதத்துக்குக் குறையாத தூரம். 1650க்கும் 1650 சூப்பருக்கும் இடையேயும் ஏறத்தாழ அவ்வளவே. பத்து வீதம் எட்டும் கையால் இருபத்தைந்து வீத உயரத்திலுள்ள கனியைப் பறித்தல் இயலாது. தம்பிமார் கேட்கும் வினாவுக்கு விடை இதுவே: ஓவர்குளொக், ஓர் அட்டையை அதன் வகுப்புக்குள்ளே முன்வரிசையில் இருத்தும், அடுத்த வகுப்புக்கு ஏற்றாது.

எப்பகுதியை உயர்த்தினால் பயன் என்பதையும் அறிதல் நன்று. ஜி.டி.டி.ஆர். 5 நினைவகங் கொண்ட 1650 அட்டைக்குக் கருவிலும் நினைவகத்திலேயே தட்டுப்பாடு அதிகம். அதன் தட வேகத்தை 8இலிருந்து 9 கிகாபிட்டுக்கு உயர்த்த முடிந்தால், 128 கிகாபைட் 144 ஆகும். நினைவக வேகத்தில் பன்னிரண்டரை வீத ஏற்றம். ஆனால் உயர்த்த உயர்த்த ஒரு கட்டத்தின்பின் பிழைகளைத் திருத்துவதிலேயே நேரங் கழிந்து பிரேம் எண்ணிக்கை இறங்கத் தொடங்குதலும் உண்டு. ஆகவே பெரிய எண்ணைக் கண்டு மகிழாது, ஒவ்வொரு படியிலும் பிரேமை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலையின்றி எதுவும் வருவதில்லை. சில்லு உண்ணும் மின்வலு மீடிறனோடு நேர்விகிதத்திலும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடும். மீடிறனை 5 வீதமும், அதற்கு வேண்டிய வோல்ற்றளவை 5 வீதமும் உயர்த்தினால், 1.05ஐ மும்முறை பெருக்கிய அளவாக வலு 1.16 மடங்காகும். ஐந்து வீத வேகத்துக்குப் பதினாறு வீத வெப்பம்! மேலும், தனி மின்கம்பி இணைப்பில்லாத அட்டைகள் மதர்போட்டின் துவாரத்திலிருந்து மட்டுமே மின்னைப் பெறும். அத்துவாரம் தரக்கூடிய வரம்பு 75 வாற்று. 1050 ரி.ஐ. போன்ற அட்டைகள் தொழிற்சாலை நிலையிலேயே அவ்வரம்பில் நிற்பதால், வேகக் குறியை எவ்வளவு தள்ளினாலும் மின்வரம்பு அவற்றைப் பின்னிழுக்கும்.

மலையில் நின்றது மணலில் நிற்காது

இனி, நாம் வாழும் ஹந்தானைக்கும் இவ்விடயத்துக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஹந்தானைத் தொடரின் முடிகள் ஆயிரம் மீட்டரையுங் கடந்தவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வளியின் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும் என்பது புவியியற் பாடத்தில் நாம் படித்ததே. மார்கழி, தை மாதத்து இரவுகளில் மலைச்சரிவிலுள்ள அறையொன்றில் 20 பாகையும் இராது. யாழ்ப்பாணத்திலோ சித்திரை, வைகாசிப் பகலில் 32 பாகைக்கு மேலுங் காய்கின்றது.

காற்றினாற் குளிரும் அட்டை ஒருபோதும் அறையிலும் குளிராக முடியாது; அறை வெப்பநிலைக்கு மேலே தன் வேலைக்கேற்ற ஓர் அளவு ஏறி நிற்கும். அந்த ஏற்றம் 45 பாகை எனக் கொண்டால், 20 பாகை அறையில் அட்டை 65 பாகையில் நிற்கும். 33 பாகை அறையில் 78க்குச் செல்லும். என்விடியாவின் பஸ்கல் தலைமுறை முதலான அட்டைகள், வெப்பம் ஏற ஏறத் தம் மீடிறனைச் சிறு படிகளாகத் தாமே குறைத்துக்கொள்ளும் இயல்பின. ஆகவே எந்த மென்பொருளையுந் தொடாமலே, ஒரே அட்டை ஹந்தானையில் சிறிது விரைவாகவும் யாழ்ப்பாணத்தில் சிறிது மெதுவாகவும் ஓடும். மலை தருவதும் ஒருவகை ஓவர்குளொக்கே, அதற்குக் கட்டணமில்லை.

ஆயினும் அக்கொடையே பொறியாதலும் உண்டு. நம் கல்லூரியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், பாவித்த 1650 அட்டையொன்றை வாங்கி, தை மாதத்துக் குளிரில் அதனைத் தாங்குமட்டும் உயர்த்தி வைத்தார். மூன்று மாதம் ஒரு குறையுமின்றி ஓடிற்று. சித்திரை விடுமுறையில் கணினியை வீட்டுக்குக் கொண்டுசென்றார். முதல் நாள் மதியமே விளையாட்டு நடுவில் திரை கறுத்து நின்றது; மறுநாளும் அவ்வாறே. அட்டை பழுதென்றும், விற்றவர் ஏமாற்றினார் என்றும் வீட்டார் மனம் நொந்தனர். தகப்பனார் வேறோர் அட்டைக்குப் பணந் தேடவுந் தொடங்கினார். தொலைபேசியில் செய்தி கேட்ட நாம், "எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிப் பாரும்" என்றோம். மாற்றியதும் அட்டை முன்போல் ஓடிற்று. பழுது அட்டையில் இல்லை. மலைக் குளிரில் நிறுத்த எல்லையை மணற்பாங்கான ஊரின் வெயிலிலும் அது காக்கும் என நம்பியதில் இருந்தது. தை மாதத்திலே அவருக்கு இதனை நாம் எடுத்துச் சொல்லாதது நம் தவறே. இக்கட்டுரை எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அயல்நாட்டு ஒப்பீடுகளை வாசிப்போரும் இதனை நினைவிற் கொள்க. குளிரூட்டிய அறையில் எடுத்த எண்கள் ஹந்தானைக்கு ஓரளவு பொருந்தும்; வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அவ்வாறே பொருந்தா.

வாங்கு முன் எண்ணத்தக்கவை

முதலாவது, மின்கட்டணம். நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் விளையாடும் ஒருவருக்கு, 75 வாற்று அட்டை மாதத்தில் 9 அலகும், 150 வாற்று ஆர்.எக்ஸ். 570 அட்டை 18 அலகும், 185 வாற்று ஆர்.எக்ஸ். 580 அட்டை 22 அலகும் உண்ணும். நம் நாட்டில் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் படியேறும் முறை உள்ளது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணங்கள் ஒரேயடியாக உயர்ந்தபோது இதன் சுமையை எல்லா வீடுகளும் உணர்ந்தன. மலிவாக வாங்கிய பழைய அட்டை மாதந்தோறும் மீதி விலையை வாங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பாவித்த அட்டையின் முன்வாழ்வு. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியதும், அதனை ஈட்ட இரவு பகலாக உழைத்த அட்டைகள் உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அவற்றின் விசிறிகள் தேய்ந்திருக்கலாம்; உள்ளிருக்கும் பயோஸ் மாற்றப்பட்டிருக்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, வெப்பநிலையையும் விசிறியின் ஒலியையும் கவனித்து வாங்குக. ஏற்கெனவே உழைத்துக் களைத்த அட்டையை மேலும் ஓவர்குளொக் செய்ய முற்படாதிருத்தலே நலம்.

மூன்றாவது, எதிர்கால ஆதரவு. 1050 ரி.ஐ. அடங்கிய பஸ்கல் தலைமுறைக்கு, விளையாட்டுகளுக்கென வெளியிடும் புதிய இயக்க மென்பொருள் 2025 ஒக்டோபரோடு நிற்கும் என என்விடியா நிறுவனம் அறிவித்தது. பழைய விளையாட்டுகளுக்கு இதனால் குறைவில்லை. புதியன விரும்புவோர் சிந்திக்க வேண்டும்.

நான்காவது, ஓவர்குளொக்கின் மறுபக்கம். வோல்ற்றளவைச் சிறிது குறைத்து, வேகத்தை மாறாது வைத்தலே அது. வோல்ற்றளவை 10 வீதம் குறைக்க இயலுமாயின், 0.9இன் வர்க்கம் 0.81 ஆதலால், சில்லின் மின்வலு ஏறத்தாழ 19 வீதம் குறையும். ஆர்.எக்ஸ். 570, 580 அட்டைகளிற் பல, தொழிற்சாலையில் வேண்டியதிலும் கூடிய வோல்ற்றளவோடு வந்தவை. அவற்றுக்கு இம்முறை மிகப் பொருந்தும். விசிறி அமைதியாகும், மின்கட்டணம் குறையும், வேகம் குறையாது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு உகந்த வித்தை இதுவே.

இவ்வளவும் கூறியபின் நம் முடிவைச் சுருங்கச் சொல்வோம். அட்டையை அதன் தொழிற்சாலை நிலையில் ஒப்பிட்டே தெரிவு செய்க. ஓவர்குளொக்கை நம்பி ஒரு படி தாழ்ந்ததை வாங்கற்க. கையிலுள்ள பணத்தோடு இன்னுஞ் சிறிது சேருமட்டும் இரண்டொரு மாதம் பொறுத்து ஒரு வகுப்பு மேலானதை வாங்குதல், எந்த மீடிறன் ஏற்றத்திலும் பெரிய ஏற்றமாகும். ஓவர்குளொக் செய்தே தீரவேண்டும் என்போர், தம் ஊரின் மிக வெப்பமான நாளில் அதன் எல்லையைக் காண்க. குளிர்ந்த நாளில் அது தானே நிற்கும்.

மலிவான பொருளை வாங்குதலில் இழிவு ஏதுமில்லை. அறியாது வாங்குதலிலேயே இழப்பு உண்டு. வசதி குறைந்த காலங்களிலும் உள்ளதைக் கொண்டு ஆய்வுகூடம் நடத்தி நமக்கு அளக்கக் கற்பித்த ஆசிரியர்கள் வாழ்ந்த கல்லூரி நம்முடையது. அந்த அளவுகோலை விளையாட்டுப் பொருளிடத்தும் கைவிடாத இளைஞர் கூட்டம் ஹந்தானை அடிவாரத்துக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதே இந்த யூபிலி வேளையில் நம் வேணவா.